பொன்வண்டின் சிறகும் ஒரு சிறு சீட்டும்

பட்டுச் சேலையைப் பூச்சிக்கலை என்று எவரும் அழைப்பதில்லை. சேலத்து வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்குப் பெருமிதம் உண்டு. முகூர்த்த வேட்டியின் மினுமினுப்பைப் பற்றி விரிவாகப் பேசவும் நாம் தயங்குவதில்லை. ஆனால் ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குச் சுமார் 5,000 கூடுகள் வேண்டும் என்பதோ, உள்ளே உறங்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகித் துளைத்து வெளியேறினால் இழை அறுந்துவிடும் என்பதால் அது கூட்டோடு வெப்பத்தில் கொல்லப்படுகிறது என்பதோ மணவறையில் எவர் நினைவுக்கும் வருவதில்லை. வரவும் வேண்டியதில்லை. பொருள் கலையாக மாறும்போது அதன் மூலப்பொருள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. நெசவின் வெற்றியே அந்த மறைதலில்தான் இருக்கிறது.

மறையாமல் நிற்கும்போதுதான் சிக்கல். ஒரு வண்டின் சிறகை வண்டின் சிறகாகவே தெரியும்படி சட்டத்துக்குள் பதித்து வைத்தால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். சிலர் அதைக் கொடூரம் என்கிறார்கள், சிலர் மலிவான வித்தை என்கிறார்கள். இந்த முகச்சுளிப்பைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது தவறான திசையில் பாய்கிறது என்பதே நமது எண்ணம். கொல்லப்பட்டதா, எப்படி, எங்கே, எதற்காக என்ற கேள்விகளைக் கேட்காமல் அது ‘பூச்சி’ என்பதற்காக மட்டுமே எழும் அருவருப்பு அறவுணர்ச்சி ஆகாது; வெறும் பழக்கம்தான்.

நமது கலைமரபில் பூச்சிகள் செய்திருக்கும் பணியை யாராவது அமர்ந்து எழுதினால் ஒரு நூலே ஆகும். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முதலில் மெழுகில் உருவானவை. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துப் பிசைந்து, விரல்நுனியிலும் சூடேற்றிய கரண்டியிலும் இழைத்து, மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையைச் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாள்கிறார்கள். நடராசரின் தூக்கிய திருவடி முதலில் தேனீயின் வயிற்றுச் சுரப்பியிலிருந்து வந்த பொருளில்தான் எழுந்தது என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், ஆனால் ஸ்தபதி கோபித்துக்கொள்ள மாட்டார். அரக்கு வளையல், அரக்கு முத்திரை, மரப்பொம்மையின் அரக்குப் பூச்சு ஆகிய யாவும் ஒரு சிறு செதிற்பூச்சியின் சுரப்பு.

சைதாப்பேட்டையின் கதை இன்னும் வேடிக்கையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியின் சென்னைத் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் கட்டிக் காத்த கோச்சினீல் சிவப்புச் சாயத்தை, அதைத் தரும் பூச்சியோடு சேர்த்துச் சென்னையில் குடியேற்றிவிடலாம் என்பது அவர் கனவு. கனவு பலிக்கவில்லை. அசல் பூச்சிக்குப் பதிலாகத் தரம் குறைந்த வேறோர் இனம்தான் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சாயத் தொழில் நின்றுபோக, சப்பாத்திக்கள்ளி மட்டும் தமிழ்நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் பரவியது. 1920களில் அதைக் கட்டுப்படுத்த மீண்டும் ஒரு கோச்சினீல் வகைப் பூச்சியையே அழைத்துவர வேண்டியிருந்தது. பூச்சியைக் கச்சாப்பொருளாக மட்டும் பார்ப்பவர்களுக்கு அது கற்பித்த பாடமாக இதை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கற்றுக்கொண்டார்களா என்பது வேறு விஷயம்.

இவை யாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது பொன்வண்டு. தீப்பெட்டிக்குள் வேல இலையைப் பரப்பி அதில் பொன்வண்டை வளர்த்த தலைமுறையினர் இந்தப் பக்கங்களைப் படிப்போரில் நிறையப் பேர் இருப்பார்கள். அது அரிசிமணிபோல் முட்டையிட்டதும் வகுப்பறையில் கிடைத்த மதிப்பு, கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிட்ட குற்றம், மறுநாள் திறந்தால் கால்களை மடக்கிக் கிடந்த அதன் மௌனம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நினைவு. ஸ்டெர்னோசெரா என்பது பொன்வண்டுகளின் பேரினப் பெயர். அதன் புழு மண்ணுக்குள் வேர்களைத் தின்று நீண்ட காலம் வாழும். வளர்ந்த வண்டுக்கோ சில வாரங்களே ஆயுள். மழைக்குப் பின் வெளிவந்து, இலையைத் தின்று, இணைகூடி, முட்டையிட்டு, மரத்தடியில் விழுந்துவிடும். விழுந்த பிறகும் நிறம் போகாது.

ஏன் போகாது என்பதில்தான் இந்தக் கலையின் வேரே இருக்கிறது. பொன்வண்டின் பச்சை சாயம் அன்று. மேலுறைச் சிறகின் கைட்டின் அடுக்குகள், ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு மெல்லியவை. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்புவதால் பிறக்கும் நிறம் அது. சாயம் வெயிலில் வெளுக்கும், அமைப்பு வெளுக்காது. ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த, ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுப் பழமையான வண்டுப் புதைபடிவங்கள் இன்றும் நிறத்தோடு மின்னுகின்றன. எந்த ஓவியனின் வண்ணக்குழம்பும் இதற்கு முன் நிற்க முடியாது. ஜப்பானின் ஹோர்யுஜி ஆலயத்தில் ஏழாம் நூற்றாண்டுச் சிறு சன்னிதி ஒன்றுக்குத் ‘தமாமுஷி’ என்று வண்டின் பெயரே வழங்குகிறது. அதன் உலோகப் பட்டைகளுக்கு அடியில் வண்டுச் சிறகுகளைப் பதித்தவர்களுக்கு ஒளியியல் தெரியாது. ஆனால் எது நிலைக்கும் என்பது தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலையின் பெயர்பெற்ற மையங்களுள் சென்னையும் ஐதராபாத்தும் அடங்கும். மஸ்லின் துணியில் பொன்வண்டின் சிறகை இலைவடிவில் நறுக்கி, ஓரத்தில் ஊசியால் துளையிட்டு, சரிகையோடு தைத்து ஐரோப்பியச் சீமாட்டிகளின் மாலை உடைகளுக்காக அனுப்பினார்கள். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்தகைய துணிகள் இருக்கின்றன. 1888இல் லைசியம் அரங்கில் எல்லன் டெர்ரி மாக்பெத் சீமாட்டியாக நடித்தபோது அணிந்த பச்சை உடையில் சுமார் 1,000 வண்டுச் சிறகுகள். மறுஆண்டு சார்ஜென்ட் தீட்டிய அவருடைய ஓவியம் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதுபார்க்கப்பட்ட உடை 2011இல் ஸ்மால்ஹைத் இல்லத்துக்குத் திரும்பியது. 1903 தில்லி தர்பாரில் கர்சன் சீமாட்டி அணிந்த மயில் உடையில் மயிற்கண் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வண்டுச் சிறகு. பார்த்தவர்கள் மரகதம் என்று நினைத்தார்களாம்.

அணிந்தவர்களின் பெயர்களும், சில வேளை உடையை வடிவமைத்தவர்களின் பெயர்களும் எஞ்சியிருக்கின்றன. சென்னையின் எந்தத் தெருவில், யார் அமர்ந்து அந்த ஆயிரமாயிரம் சிறகுகளுக்குத் துளையிட்டார்கள் என்பதைத் தாங்கிய சீட்டு எந்தத் துணியிலும் இல்லை. வண்டு எந்தக் காட்டில் பொறுக்கப்பட்டது என்பதும் இல்லை. தொழிலாளியும் பூச்சியும் ஒரே விதமாக மறைந்திருக்கிறார்கள். இதைக் கவனித்த பிறகு அந்தத் துணிகளின் அழகு குறைந்துவிடவில்லை. ஆனால் ‘சீட்டு’ என்ற சொல்லை நாங்கள் அன்றிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பூச்சியியலில் சீட்டு என்பது மிகச் சிறிய ஒரு பொருள். குத்தூசியில் பூச்சிக்குக் கீழே செருகப்பட்ட, நகத்தளவுக் காகிதம். இடம், உயரம், நாள், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் இருந்தால் அது மாதிரி. இல்லையென்றால் அது வெறும் செத்த பூச்சி. சீட்டு இல்லாத அட்லஸ் அந்துப்பூச்சியைவிடச் சீட்டு உள்ள கொசு அறிவியலுக்கு மேலானது.

சேர்வராயன் மலைக்கு இந்தச் சீட்டு உறவு பழையது. தரங்கம்பாடியில் 1768 முதல் இருந்த கோனிக் தமிழகக் கடற்கரையிலிருந்து அனுப்பிய பூச்சிகளை ஐரோப்பாவில் ஃபாப்ரீசியஸ் பெயரிட்டு விவரித்த நாளிலிருந்து, தமிழ் நிலத்துப் பூச்சிகள் கப்பலேறிய வண்ணமே இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பணியைத் தன் தொழிலாகவே செய்த தமிழர் ஒருவர் உண்டு. காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தையும் கோயம்புத்தூரையும் தளமாகக் கொண்டு தென்னிந்தியக் காடுகளில் திரிந்து, உலகின் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் பூச்சிகளை அனுப்பிய சூசைநாதன். அவர் அனுப்பியவற்றுள் சேர்வராயன் மலைப் பூச்சிகளும் உண்டு. ‘நாதனி’ என்ற இனப்பெயர் எத்தனையோ பூச்சிகளுக்கு அவரை முன்னிட்டு வைக்கப்பட்டது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நெடுங்கால் ஈ இனங்களை விவரித்த அமெரிக்கரான சார்ல்ஸ் அலெக்சாண்டருக்குத் தென்னிந்திய மாதிரிகளைக் கொடுத்தவரும் அவரே. தமிழ் எழுத்துலகில் அவரைப் பற்றி ஒரு நல்ல கட்டுரைகூட நம் கண்ணில் படவில்லை. நமது சிற்றிதழ்கள் ஐரோப்பியப் பூச்சியியலாளர் ஃபாப்ரைப் பற்றி எழுதியிருக்கின்றன, நபகோவின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியும் எழுதியிருக்கின்றன. குரும்பகரத்துக்காரர் இன்னும் காத்திருக்கிறார்.

ஆக, ஏற்காட்டின் பூச்சிகள் வாஷிங்டனில் இருக்கின்றன, ஏற்காட்டில் இல்லை. அந்த ஊரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இந்த மலைக்கே உரிய ஒரு வெர்னோனியா மரத்துக்கும், 2000இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறு பல்லிக்கும் மலையின் பெயரும் ஊரின் பெயரும் சூட்டப்பட்டிருக்கின்றன. பூச்சிகளைக் காண வேண்டுமானால் கோயம்புத்தூரில் அதே பல்கலைக்கழகம் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கோ, கொடைக்கானலில் சேசு சபையினர் 1895இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும். பல பத்தாண்டுகள் இந்த மலையின் பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது. மேல்மண்ணோடு எத்தனை புழுக்கள் போயின என்று யாரும் எண்ணியதில்லை. பூச்சியைச் சட்டத்தில் பதிப்பவனைப் பார்த்துக் கொதிப்பவர்கள் இதையும் ஒரு கணம் நினைக்கலாம்.

இதனால் பூச்சிக்கலை செய்பவர் யாவரையும் நாம் தூக்கிப் பிடிக்கிறோம் என்று பொருள் இல்லை. டேமியன் ஹர்ஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். 1991இல் முதலில் செய்த ‘காதலுக்குள்ளும் வெளியிலும்’ என்ற படைப்பை 2012இல் டேட் மாடர்னில் மீண்டும் அமைத்தார். சன்னலில்லா அறை, உள்ளே உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகள், நடுவே பார்வையாளர்கள். கண்காட்சி முடிவதற்குள் 9,000க்கும் மேற்பட்ட பூச்சிகள் மடிந்தன. வாரந்தோறும் புதியவை கொண்டுவரப்பட்டன. வாழ்வும் சாவும் பற்றிய தத்துவம் என்று பட்டியல் நூல்கள் சொல்லும். நமக்கு அது ஒரு பெரிய வீட்டின் பெரிய வீண்செலவாகவே தோன்றுகிறது. அங்கே பூச்சி நிலையாமையின் ‘குறியீடு’, அவ்வளவுதான். குறியீட்டுக்கு ஒன்று போதும், ஒன்பதாயிரம் எதற்கு?

இந்த இடத்தில் நமது புதுக்கவிஞர்களையும் சற்று வம்புக்கிழுக்காமல் இருக்க முடியவில்லை. சங்கப் புலவனுக்கு வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. மழைக்குப் பின் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சிக்கு ‘மூதாய்’ என்று பெயர் வைத்துப் பார்த்தான். (பூச்சியியல் கணக்கில் அது எட்டுக்கால் உண்ணி வகை, பூச்சியன்று, புலவனை அதற்காக யாரும் தண்டிக்கப் போவதில்லை.) இன்று நம் கவிதைகளில் பறப்பது ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சி. அதற்கு இனம் இல்லை, உணவுச்செடி இல்லை, மாதம் இல்லை. சிறுமியின் கன்னத்தில் அமரும், போரில் இறந்தவனின் மார்பில் அமரும், கவிஞரின் பேனாவிலும் அமரும். ஹர்ஸ்ட் பூச்சியைக் கொன்று குறியீடு ஆக்கினார் என்றால் நாம் கொல்லாமலேயே அதைச் செய்துவிட்டோம்.

யான் ஃபாப்ரின் கதை சற்றுச் சிக்கலானது. 2002இல் பிரஸல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபக் கூரையைப் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பொன்வண்டுச் சிறகுகளால் அவர் போர்த்தினார். தென்கிழக்காசியாவில் உணவாக உண்ணப்பட்ட வண்டுகளின் மிச்சம் அவை என்பது கலைஞர் தரப்பின் விளக்கம். அதை முழுதும் ஏற்றாலும் பதினான்கு லட்சம் என்ற எண் நம்மை நெருடுகிறது. ஆனால் பின்னர் அதே சிறகுகளைக் கொண்டு பெல்ஜியக் காங்கோவின் கொடுமைகளைச் சித்திரித்து அவர் செய்த தொடர் வேறு தளத்தில் நிற்கிறது. ரப்பருக்காகக் கைவெட்டிய ஆட்சியின் செல்வத்தில் எழுந்த நகரத்தில், மின்னும் பச்சையில் அந்த வெட்டுண்ட கையைக் காட்டும்போது, பொருளின் அழகே குற்றச்சாட்டாகிவிடுகிறது. அங்கே வண்டுக்கு வேறு மாற்று இல்லை. அந்தக் கலைஞர் தன் நடனக்குழுவினரிடம் நடந்துகொண்ட விதத்துக்காக 2022இல் பெல்ஜிய நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வண்டிடம் காட்டிய நுணுக்கத்தை மனிதரிடம் காட்டாதவர்.

நமக்கு உவப்பானவர்கள் சிறிய அளவில் வேலை செய்தவர்கள். விக்டோரியக் காலத்தில் ஹென்றி டால்டன் என்பவர் வண்ணத்துப்பூச்சியின் சிறகுச் செதில்களை ஒவ்வொன்றாக எடுத்து நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டில் பூங்கொத்துகளாக அடுக்கினார். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி, கண்ணாடி வழியே ஒரு தோட்டம். 1950களில் துபூஃபே வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளை ஒட்டி உருவங்கள் செய்தார். ஜெனிஃபர் ஆங்கஸ் 2015இல் வாஷிங்டனின் ரென்விக் காட்சிக்கூடத்தில் கோச்சினீல் சிவப்பு தோய்ந்த சுவரில் சுமார் 5,000 பூச்சிகளைச் சுவர்த்தாள் ஓவியம்போல் குத்தி வைத்தார். காட்சி முடிந்ததும் அவற்றைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த ஊரில் அதே பூச்சிகளை மீண்டும் குத்துவது அவர் வழக்கம். கால் உடைந்தவற்றையும் ஒட்டிப் பயன்படுத்துவாராம். நம் வீட்டுக் கொலுப் பொம்மைகள் ஆண்டுதோறும் பரணிலிருந்து இறங்குவது நினைவுக்கு வருகிறது.

இத்தனையும் பேச நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டில் விடுமுறைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் நண்பர் ஒருவர், பூச்சிகளைக் கொண்டு ஏதாவது செய்யலாமா என்று எங்களிடம் கேட்டார். சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் விற்கும், பிசினில் உறைந்த வண்டுச் சாவிக்கொத்துகளை அவர் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதைப்போல் செய்ய ஆசைப்படுகிறார்கள். எங்களில் இருவர் உடனே கூடாது என்றார்கள். பிள்ளைகளுக்குக் கொல்லக் கற்றுக்கொடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. விவாதம் மூன்று வாரம் ஓடியது. இப்போது எங்கள் பெரும்பான்மைக் கருத்து இது: செய்யலாம், ஆனால் வலை இல்லாமல்.

வலை வேண்டாம் என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் ஏராளமான வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. காப்புக்காட்டில் நுழைந்து பூச்சி பிடிப்பது அனுமதியின்றி நடவாத காரியம். 2008இல் டார்ஜிலிங் பக்கத்துச் சிங்கலிலா காட்டில் பூச்சி சேகரித்த இரு செக் நாட்டினர் கைதாகி வழக்கைச் சந்தித்ததை அப்போது நாளேடுகள் விரிவாக எழுதின. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காரணம், சேர்வராயன் மலை ஒரு வழித்தடம் என்பது. நீலப்புலி, கருநீலப்புலி, வெண்புள்ளிக் கருப்பன் முதலிய வண்ணத்துப்பூச்சிகள் ஆண்டுதோறும் கிழக்குத்தொடர்ச்சி மலைகளுக்கும் மேற்குத்தொடர்ச்சி மலைகளுக்கும் இடையே கூட்டமாக வலசை போகின்றன. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலையோடு சேர்வராயனும் அந்தப் பாதையில் இருக்கிறது. மழைக்காலத்தையொட்டி இவை கிலுகிலுப்பைச் செடியில் மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு வலை வீசினால் எவ்வளவு எளிதில் நூறு கிடைக்கும் என்பது தெரியும். அந்த எளிமையே ஆபத்து.

அப்படியானால் எதைக் கொண்டு செய்வது? ஏற்காட்டின் பதில் அதன் காப்பித் தோட்டங்களிலேயே இருக்கிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அரபிகா காப்பியின் தலையாய பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், ஒடுங்கிய கரிய உடல், மேற்சிறகில் வெண்சாம்பல் வரிகள். பார்க்க அழகான வண்டு. அதன் புழு தண்டுக்குள் சுரங்கம் தோண்டிச் செடியையே வாட்டிவிடும். தாக்குண்ட செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. ஆண்டுக்கு இருமுறை, கோடையின் தொடக்கத்திலும் மழைக்காலத்தின் முடிவிலும், வண்டுகள் வெளிவரும். அப்போது கவர்ச்சிப்பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். பொறியில் விழுந்தவை எப்படியும் சாகும், எப்படியும் குப்பைக்குத்தான் போகும். அவற்றைக் கேட்டு வாங்கலாம். வெயில் படும் தண்டுகளையே இந்த வண்டு விரும்பித் தேடும் என்பதால், நிழல்மரம் வெட்டப்பட்ட இடத்தில் தாக்குதல் கூடும். அதாவது எந்தத் தோட்டத்துப் பொறியில் எத்தனை விழுந்தன என்ற கணக்கோடு அவற்றை ஒரு தாளில் அடுக்கினால், மரம் வெட்டிய வரலாறு தானே படமாகிவிடும். பிள்ளைகள் செய்யக்கூடிய, பெரியவர்கள் சற்றுச் சங்கடப்படக்கூடிய ஒரு படம். கலைக்கு வேறென்ன வேண்டும்?

மின்விளக்கடியில் காலையில் செத்துக் கிடக்கும் விட்டில்கள் இன்னொரு களஞ்சியம். மலைப்பாதையில் வாகனக் கண்ணாடியில் மோதி விழுந்தவை, அடிவாரத்து வேல மரங்களின் கீழ் ஆயுள் முடிந்து உதிர்ந்த பொன்வண்டுகள் எல்லாம் பொறுக்குவதற்கு உரியவை, பிடிப்பதற்கு உரியவை அல்ல. பொறுக்குபவனுக்குத் தரையைப் பார்த்து நடக்கும் பழக்கம் வரும். விளக்கின் நிறம் மாறினால் விட்டில் எண்ணிக்கை மாறுவதையும் அவன் கண்டுகொள்வான்.

இத்தனை பாடு எதற்கு, இப்போது எவர் கைப்பேசியிலும் பூச்சியைப் பெரிதாக்கிப் படம் எடுக்கலாமே என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் நுண்படக்கலையின் உச்சம் என்று கொண்டாடப்படும் லெவன் பிஸ்ஸின் படங்கள், 2016இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டவை, அந்த அருங்காட்சியகத்தின் பாடம்செய்த பூச்சிகளையே எடுத்தவை. ஒரு பூச்சிக்கு 8,000க்கும் மேற்பட்ட படங்களை ஒன்றிணைத்து உருவானவை. உயிருள்ள வண்டு அத்தனை நேரம் அசையாமல் உட்காராது. படத்துக்கு அடியிலும் ஒரு குத்தூசி இருக்கிறது. மேலும், படம் தராத ஒன்றைப் பொருள் தருகிறது. பொன்வண்டின் சிறகைத் திருப்பிப் பிடித்தால் பச்சை நீலமாகி, செம்பாகி, மீண்டும் பச்சையாவதைத் திரையில் காட்ட முடியாது. கையில் பிடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

நண்பருக்கு நாங்கள் எழுதியனுப்பிய மடலில் கண்டிப்பாகச் சொன்னது சீட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு பூச்சிக்கும் பின்னால், அல்லது சட்டத்தின் முதுகிலாவது, பிள்ளையின் கையெழுத்தில் தமிழிலேயே எழுத வேண்டும்: எந்த இடம், என்ன உயரம், எந்த நாள், எப்படி இறந்து கிடந்தது, எடுத்தவர் பெயர். படைப்பு உடைந்து போனாலும் சீட்டு மிஞ்சினால் இருபது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளருக்கு அது உதவும். விளக்கடியில் பொறுக்கிய நூறு விட்டில்களின் நாட்குறிப்பு ஏற்காட்டில் இன்று வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று. சென்னை மஸ்லின் துணியில் தவறிப்போன அந்தச் சீட்டு, சேர்வராயன் மலைக் காகிதச் சட்டத்தில் தவறக்கூடாது.

மற்றவை நடைமுறைச் செய்திகள். காய்ந்து விறைத்த பூச்சியை ஈரத்துணி விரித்த மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் கால்களும் உணர்கொம்புகளும் மீண்டும் வளையும். பலவந்தமாக விரித்தால் முறியும். வண்டுக்குக் குத்தூசி வலப்பக்க மேற்சிறகில்தான் குத்த வேண்டும், நடுவில் அன்று. ஏற்காட்டின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நன்றாக உலர்த்திய பிறகே கண்ணாடியை மூட வேண்டும். அருங்காட்சியக வண்டு என்றே பெயர்பெற்ற ஒரு சிறு வண்டு இருக்கிறது; பாடம்செய்த பூச்சிகளைத் தின்பதே அதன் பிழைப்பு. அது நுழைந்துவிட்டால் சட்டத்தின் அடியில் பொடி உதிரத் தொடங்கும். பொடியைப் பார்த்ததும் சட்டத்தை நெகிழித்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வைக்கச் சொல்லியிருக்கிறோம். வீட்டார் சம்மதித்தால்.